பொட்டிப்புரத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லையா?

தமிழில் பயணக் கட்டுரைகளுக்கு இது நல்ல பருவம். ஜொஹானஸ்பர்க்கிலோ விண்ட்ஹூக்கிலோ விமானத்திலிருந்து இறங்கி, வாடகைக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, ஓட்டுநரோ வழிகாட்டியோ இல்லாமல் தாமே ஓட்டிச் சென்று சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் கண்டு திரும்பியவர்கள் எழுதும் கட்டுரைகள் அடுத்தடுத்து வாசிக்கக் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா ஆகிய மூன்று நாடுகளிலும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் நம்மவர்களுக்கு அது எளிதாகவும் கைகூடிவிடுகிறது. எட்டோஷாவின் வெண்ணிற உப்புவெளியையும், க்ரூகர் பூங்காவில் சாலையை மறித்து நிற்கும் யானைக் கூட்டத்தையும் பற்றிய வர்ணனைகளை நாங்களும் விருப்பத்துடனே வாசித்துவருகிறோம். எங்கள் சச்சரவு அவற்றின் கடைசிப் பத்தியோடு மட்டும்தான்.

அந்தக் கடைசிப் பத்தி ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் ஒன்றுபோலவே அமைந்துவிடுகிறது. ஊர் திரும்பியவர் பெருமூச்சு விடுகிறார். நம்மிடம் மேற்குத் தொடர்ச்சி மலை இல்லையா, யானை இல்லையா, புலி இல்லையா, இருந்தும் நம்மால் ஏன் இப்படியொரு நிலக்காட்சியைத் தர முடியவில்லை என்று அங்கலாய்க்கிறார். எங்கு பார்த்தாலும் வீடு, வயல், மாடு, மனிதர்கள். இந்த அங்கலாய்ப்பு இப்போது உள்ளூர்ப் பயணக் கட்டுரைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுகிறார்கள். வளைவுகளுக்குப் பூக்களின் பெயர்களைச் சூட்டியிருப்பதை மெச்சுகிறார்கள். காட்டெருது தென்பட்டால் அதைத் தென்னகத்தின் ஆப்பிரிக்கா என்று விளித்து முடிக்கிறார்கள். மனிதர்கள் குறுக்கிடாத காடே உண்மையான காடு என்ற எண்ணம், யாரும் வாதிட்டு நிறுவாமலேயே, ஓர் அழகியல் விதியாக நம் வாசிப்புக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது. இந்த விதியைத்தான் நாங்கள் மறுக்க விரும்புகிறோம்.

முதலில் ஆப்பிரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே அந்த வெறுமை இயற்கையாக வாய்த்த ஒன்றா? க்ரூகர் பூங்காவின் தொடக்கம் 1898இல் அறிவிக்கப்பட்ட சாபி வேட்டைக் காப்பகம். அது 1926இல் தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்தே சுற்றுலாக் கார்கள் உள்ளே வரத் தொடங்கிவிட்டன. அப்பூங்காவின் தலைமை முகாமுக்கு ஸ்குகுஸா என்று பெயர். நம் கட்டுரையாளர்கள் பலரும் அங்கே இரவு தங்கி, காலையில் தேநீர் அருந்திவிட்டுப் புறப்படுகிறார்கள். அந்தப் பெயர் காப்பகத்தின் முதல் காப்பாளரான ஸ்டீவன்சன் ஹாமில்டனுக்கு அம்மண்ணின் மக்கள் வைத்த பட்டப்பெயர். துடைத்துச் சுத்தமாக்குகிறவன் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அவர் துடைத்தவற்றில் அங்கு வாழ்ந்த மக்களும் அடக்கம். 1969இல் பூங்காவின் வடகோடியிலிருந்து மகுலேகே மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகு 1998இல்தான் அந்த நிலத்தின் உரிமை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. எட்டோஷாவிலிருந்து ஹாய்ஓம் வேட்டைச் சமூகத்தினர் 1954இல் வெளியேற்றப்பட்டனர். போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரிக் காப்பகமோ 1961இல் சான் மக்களின் வாழ்வையும் கருத்தில்கொண்டே உருவாக்கப்பட்டது. அங்கிருந்தும் அவர்களை 1997இலும் 2002இலும் அகற்றினார்கள். அந்த அகற்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2006இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலங்குகளுக்காவது அது தங்குதடையற்ற வெளியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கால்நடை நோய் பரவாமலிருக்க 1950களிலிருந்து போட்ஸ்வானாவில் இழுக்கப்பட்ட நெடுங்கம்பி வேலிகளில் முட்டி நின்று, வறட்சிக் காலத்தில் தண்ணீரை எட்ட முடியாமல் வைல்டபீஸ்ட் மந்தைகள் மடிந்திருக்கின்றன. காரின் கண்ணாடி வழியே தெரிகிற ஆதி நிலம் ஆணைகளாலும் வேலிகளாலும் சமைக்கப்பட்ட ஒன்று. அதைக் கண்டு வியப்பதில் பிழையில்லை. அதையே அளவுகோலாக்கி நம் மண்ணை அளந்து குறைசொல்வதுதான் பிழை.

ஆப்பிரிக்கப் பூங்காக்களிடம் நாம் கற்க ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வோம். க்ரூகரில் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு. அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. மாலையில் வாயில் அடைபடுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். விலங்குகளுக்கு உணவிடுவது குற்றம். தாமே ஓட்டிச் செல்லும் சுதந்திரம் என்று நம் கட்டுரையாளர்கள் கொண்டாடுவது, உண்மையில், இந்தக் கட்டுப்பாடுகள் தாங்கிப் பிடித்திருக்கும் சுதந்திரம். அங்கே அதற்குப் பணிந்துவிட்டு வந்தவர், இங்கே வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் அதிகாரத் திமிர் என்று எழுதுகிறார். பந்திப்பூர்ச் சாலைகளில் 2009 முதலும், திம்பம் மலைப்பாதையில் 2022 முதலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. நீதிமன்றம் வரை போய்த்தான் அவற்றை நிலைநிறுத்த முடிந்தது. சாலை கடக்கும் விலங்குக்காக இரவில் சில மணிநேரம் காத்திருப்பது நமக்கு அத்தனை பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஆசையை இறக்குமதி செய்தவர்கள் அடக்கத்தைச் சுங்கச் சாவடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

இனி எங்கள் பள்ளத்தாக்குக்கு வருவோம். மார்கழி மாதத்தின் ஒரு விடியலில், நாங்கள் நான்கு பேர் தேனியிலிருந்து காரில் புறப்பட்டோம். நாங்களும் ஓட்டுநர் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வகையில் இதுவும் தாமே ஓட்டிச் சென்ற பயணம்தான். போடிநாயக்கனூரை அடைந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. கடைத்தெரு முனையில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. தூக்குவாளியும் தலைமுண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறினார்கள் என்பதைவிடத் திணிக்கப்பட்டார்கள் என்பதே சரி. போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் நாள்தோறும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்று அந்தியில் திரும்புகிறவர்கள் இவர்கள். மலையின் அந்தப் பக்கத்தில், ஏறக்குறைய இதே நேரத்தில், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்ப்பதற்காக வேறு ஜீப்புகள் குலுங்கிக் குலுங்கிச் சென்றுகொண்டிருக்கும். இரண்டாவது ஜீப்பைப் பற்றிய கட்டுரைகள் தமிழில் நிறைய வந்துவிட்டன. முதலாவது ஜீப் எப்போது தெரிகிறது? பள்ளத்தில் உருண்டால், மறுநாள் செய்தித்தாளில்.

போடியிலிருந்து ராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒட்டியே போகிறது சாலை. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இளையராஜா பிறந்த ஊர் என்பதால் பண்ணைப்புரத்தில் ஒரு பத்தி நிற்பார்கள். கோம்பையில் நாயினத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுவார்கள். இடையில் கிளை பிரியும் பொட்டிப்புரத்துக்கு யாரும் திரும்புவதில்லை. திரும்பினாலும் என்ன எழுதுவது? மானாவாரிக் காடுகள், இலவ மரங்கள், முட்புதர், வெயில், அதற்கப்பால் மொட்டையாக எழுந்து நிற்கும் அம்பரப்பர் மலை. அருவியில்லை, தேயிலையில்லை, வளைவுகளுக்குப் பூப்பெயரில்லை.

அடிவாரத்தில் மலைமாடுகளை ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். "என்னத்தப் பாக்க வந்தீகய்யா? இங்கிட்டுப் பாக்க ஒண்ணுமில்லையே" என்றார். பிறகு எங்கள் நண்பர் கொடுத்த வெற்றிலையை மடித்துக்கொண்டே, ஏறக்குறைய அரைமணி நேரம் அந்த ஒன்றுமில்லாததைப் பற்றிப் பேசினார். எந்த ஓடையில் பங்குனி வரைக்கும் ஈரம் இருக்கும், எந்தப் பாறை இடுக்கில் கரடி படுக்கும், இலந்தை பழுக்கும் காலத்தில் எந்தத் தடத்தில் போகக் கூடாது, மலையின் எந்த மடிப்பில் மேகம் இறங்கினால் மறுநாள் மழை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது தன்னடக்கம் அன்று. எங்களைப் போன்ற கார்க்காரர்கள் எதைப் பார்க்க வருவார்கள் என்பதை அவர் சரியாகவே அறிந்திருந்தார்.

இந்தப் பொட்டிப்புரத்துக்கு நாடளவில் ஒரு பெயர் உண்டு. இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் தெரிவுசெய்யப்பட்ட இடம் இது. 1,500 கோடி ரூபாய்த் திட்டம். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, உள்ளே 50,000 டன் காந்த இரும்பைக் கொண்ட உணர்கருவியை நிறுவுவது ஏற்பாடு. அறிவியலுக்கு எதிராக நாங்கள் பேசவில்லை. ஒவ்வொரு நொடியும் நம் உடலைக் கோடானுகோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன, அவற்றால் தீங்கில்லை. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த பெருமை இந்திய அறிவியலாளர்களுக்கும் உண்டு. எங்களை உறுத்துவது வேறு. இந்த ஆய்வகத்துக்கு முதலில் பார்க்கப்பட்ட இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில், யானைகளின் வழித்தடத்தில் இருக்கிறது என்பதால் 2009இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை மறுத்தது. சரியான முடிவு. அதன்பின் தேடல் இந்தக் காய்ந்த கரட்டில் வந்து நின்றது. உறுதியான பாறை, மழை மறைவுப் பகுதி, முட்காடு, மரங்கள் குறைவு என்று அதற்குரிய காரணங்கள் அடுக்கப்பட்டன.

பச்சையாக இருந்தால் காடு, காய்ந்திருந்தால் காலி இடம் என்று பார்க்கிற கண் பொறியாளருடையது மட்டுமன்று. பண்ணைப்புரத்தில் இறங்கிப் படமெடுத்துவிட்டுப் பொட்டிப்புரத்தைக் கடந்துபோகும் கட்டுரையாளரின் கண்ணும் அதுவே. இந்தக் காய்ந்த கரட்டிலிருந்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவில்தான் இருக்கிறது என்பது பிறகு வழக்குகளில் வெளிச்சத்துக்கு வந்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் அமைச்சகம் தனிநேர்வாகக் கருதி மீண்டும் அனுமதி கொடுத்தது. 2021இல் தமிழக முதலமைச்சர் திட்டத்தைக் கைவிடக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2022இல் தமிழக அரசு, இது பெரியாற்றையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் என்று உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைத்தது. மொட்டைக் கரடு என்று கண் தள்ளிய இடத்தில் புலி நடந்துகொண்டிருந்திருக்கிறது. மாடு மேய்ப்பவரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ஆனால் அவரைக் கேட்பதற்குப் பதிலாக நாம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறோம். திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு அது. நாங்கள் அதை வரவேற்கிறோம். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கிக்கொண்டது. மேய்ச்சலால் காட்டுக்குக் கேடு வரும் இடங்கள் உண்டு என்பதையும், மாட்டின் நோய் காட்டெருதுக்குத் தொற்றும் என்பதையும் மறுப்பதற்கில்லை. எங்கள் கேள்வி இதுதான்: மாட்டுக்கு மூடிய காட்டின் சாலை, காருக்கு எந்த நியாயத்தில் திறந்திருக்கிறது? மலைமாட்டுக்கு ஒரு சட்டமும் மலையேறும் சொகுசு வண்டிக்கு இன்னொரு சட்டமும் என்றால், நாம் காப்பாற்ற முனைவது காட்டையா, அல்லது காட்டைப் பார்க்கும் நம் வசதியையா?

2023 மே 27ஆம் நாள் கம்பம் நகரத்துக்குள் ஒரு யானை நடந்துவந்தது. அரிக்கொம்பன் ஊருக்குள் புகுந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். சின்னக்கானலில் பழங்குடியினருக்குக் குடியிருப்பு அமைக்கப்பட்ட நிலம் யானைகளின் புழங்குவெளியாக இருந்தது என்பதையோ, ஏப்ரல் இறுதியில் அதை மயக்கி, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, பெரியாற்றுக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது நாம்தான் என்பதையோ எழுதியவர்கள் குறைவு. வீடு தேடி அலைந்த உயிரைப் புகுந்தது என்றோம். அன்றைய பீதியில் இருசக்கர வாகனத்தில் சென்ற எளிய மனிதர் ஒருவர் விழுந்து, பின்னர் இறந்துபோனார். யானை நின்ற தோப்புக்கு மேலே படமெடுக்க ட்ரோன் பறந்தது. ஜூன் 5ஆம் நாள் மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் லாரி, களக்காடு முண்டந்துறைக் காடு. நிலமிழந்த பழங்குடிகளையும் நிலமிழந்த யானையையும் ஒரே துண்டு நிலத்தில் மோதவிட்டுவிட்டு, அந்த மோதலைக் காட்சியாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாமும் இருந்தோம். நிலத்தை வெறும் காட்சியாகப் பழகிக்கொண்ட மனம் கடைசியில் வந்துசேரும் இடம் இது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு என்று கருதுகிறோம். நம் மரபில் ஆளில்லாத நிலக்காட்சி என்ற ஒன்றே கிடையாது. தொல்காப்பியம் திணையின் கருப்பொருள்களை வகுக்கையில் தெய்வத்தையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் மட்டும் சொல்லவில்லை. அதே வரிசையில் உணவும் தொழிலும் பறையும் யாழும் வருகின்றன. உழைப்பில்லாமல் அங்கே திணையில்லை. பயண இலக்கியத்துக்கும் நமக்கு முன்னோடி உண்டு. ஆற்றுப்படை என்பதே போய்வந்தவன் போகப்போகிறவனுக்குச் சொல்லும் வழிதானே? மலைபடுகடாம் நன்னனின் மலைக்குச் செல்லும் கூத்தர்களிடம் என்ன சொல்கிறது? தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகக் கற்பொறிகள் வைத்திருக்கிறார்கள், ஆகவே விடிந்தபிறகு செல்லுங்கள் என்கிறது. யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் உங்கள் மீது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்று பட்டியலிடுகிறது. மலையின் அழகு அதில் குறைந்தா போயிற்று? விலங்கும் விளைச்சலும் மோதுகிற இடத்தை மறைக்காமல், அந்த மோதலுக்குள்ளேயே அழகைக் கண்ட கண் அது.

கார்ப்பயணமே கூடாது என்று நாங்கள் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' கார்ப்பயணத்தில் விளைந்த நூல்தான். நிறுத்தி இறங்கிப் பேசத் தெரிந்தவர்களுக்குக் கார் ஒரு தடையாக இருக்கவில்லை. குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் நாள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நடந்தே சென்றவர்களும் காட்டைப் படிக்காமல் போகக்கூடும் என்பதையும் கண்டோம். காலா, காரா என்பதில் ஒன்றுமில்லை. கோடையில் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்று அறிந்தவரைக் கேட்டுவிட்டுப் போகிறோமா என்பதே கேள்வி.

உள்ளூர் மக்கள் சொல்வதெல்லாம் வேதம் என்றும் நாங்கள் வாதிடவில்லை. தேவாரத்திலிருந்து சாக்குலூத்துமெட்டு வழியாகக் கேரளத்துக்குச் சாலை வேண்டும் என்பது இப்பகுதியினரின் நெடுநாள் கோரிக்கை. அதை வனத்துறை ஏற்கவில்லை. அந்தச் சாலை வந்தால் காடு இன்னும் ஓரிடத்தில் பிளவுபடும். வராவிட்டால் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண் சுற்றுவழியில் ஜீப்பில் நசுங்கியபடியே இருப்பாள். இரண்டும் உண்மை. இந்த முடிச்சை அவிழ்க்கும் விடை எங்கள் கையில் இல்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி இருபது பக்கம் எழுதுகிற ஒருவர் இந்த முடிச்சைத் தொடாமலேயே கடந்துவிட்டார் என்றால், அவர் பள்ளத்தாக்குக்கு வரவேயில்லை என்றே நாங்கள் கொள்வோம்.

ஆகவே பயணம் எழுதும் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியதுதான். ஆப்பிரிக்கா போங்கள், ஸ்குகுஸாவில் தங்கினால் அந்தப் பெயரின் பொருளையும் எழுதுங்கள். மேகமலை போங்கள், தேயிலைச் சரிவில் குனிந்து நிற்பவரின் கூலி எவ்வளவு என்றும் கேட்டு வாருங்கள். முடிந்தால் ஒருமுறை, போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்தக் கிளைச்சாலையில் வண்டியைத் திருப்புங்கள். வெற்றிலை வாங்கிக்கொண்டு போவது நல்லது.